பெர்லாவுக்குத் தெரியாத இடங்கள்

என் தங்கை பெர்லாவை வழி தவற வைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. உயிரோடு இருந்தபோதே அவளை யாரும் சுற்றலில் விட்டது கிடையாது. நாங்கள் இருவரும் மணிலாவின் திவிசோரியா சந்தையில், எங்கள் அப்பாவின் பித்தான் கடைப் பலகைக்கு அடியில் வளர்ந்தவர்கள். நான் கல்யாணமாகி லுசேனாவுக்குப் போய், பித்தான், ஜிப், எலாஸ்டிக் என்று அங்கே தனிக்கடை போட்டுக்கொண்டேன். அவள் மணிலாவிலேயே தங்கிவிட்டாள். எந்தச் சந்தில் நுழைந்தால் எந்தத் தெருவில் முளைக்கலாம் என்று ஜீப்னி ஓட்டுபவனுக்கே சொல்லிக்கொடுப்பாள். அப்படிப்பட்டவளைச் செத்த பிறகு குழப்பிவிடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

காலையில்தான் அடக்கம் முடிந்தது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, கால் வீங்கி, முகம் வீங்கிப் போய்ச் சேர்ந்தாள். கல்லறைச் சுவரின் மாடத்துக்குள் பெட்டியைத் தள்ளுவதற்கு முன்னால், அவளுடைய ஐந்து வயது மகள் டினாயைப் பெட்டிக்கு மேலாகத் தூக்கி அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் கொடுத்தார்கள். தாயின் ஏக்கம் பிள்ளையைப் பற்றிக்கொள்ளாமல் இருக்க அப்படிச் செய்வது. அதற்காகவே சிவப்புச் சட்டையும் போட்டிருந்தார்கள். கொடுத்தது பக்கத்து அறைக்காரர், வாங்கிக்கொண்டது நான். அப்பன் யார் என்பது பெர்லா கடைசிவரை யாருக்கும் பிரித்துக் காட்டாத பொட்டலம். ஆகவே என் கைக்கு வந்த பிள்ளை என்னோடுதான். நான்கு மணி பஸ்ஸில் லுசேனா கூட்டிப்போக வேண்டும். எனக்கிருந்த ஒரே வேலை அது.

ஆனால் சாவுக்குப் போய்விட்டு யாரும் நேரே வீட்டுக்குப் போவதில்லை. வழியில் வேறெங்காவது நுழைந்து, செத்தவரை அங்கே உதறிவிட்டுத்தான் போவார்கள். எங்கள் ஊரில் இதற்குப் பக்பக் என்று பெயர், பக்பக் என்றால் உதறுவது. இல்லாவிட்டால் பின்னாலேயே வந்து வாசலில் நிற்பார்களாம். பெரும்பாலானவர்களுக்கு இதற்கு ஒரு பர்கர் கடை போதும். பத்து நிமிஷம் ஏசி குளிரில் உட்கார்ந்து, ஒரு கோலாவை உறிஞ்சிவிட்டு எழுந்தால் கணக்கு நேர்.

என் மனைவி நியேவெஸுக்கு அது போதவில்லை. நாலு மாதம். இதற்கு முன் இரண்டு முறை தங்காமல் போன வயிறு. அதனால் அடக்கத்துக்கும் அவள் வரவில்லை. கல்லறை வாசலைத் தாண்டுவதற்குள் போன் வந்தது.

"ஃபெர்மின், முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"குழந்தை அழுதாளா?"

"இல்ல. அவ அம்மா எப்ப எழுந்திருப்பான்னு ஒரு தடவ கேட்டா. அப்புறம் கேக்கல."

அவள் குரலை இறக்கினாள். "பெர்லா எனக்கும் கூடப்பிறந்தவ மாதிரிதான். உனக்கே தெரியும். ஆனா அவ தன் பிள்ளைய விட்டுட்டுப் போக மாட்டா. நிச்சயமா பின்னாலயே வருவா. சும்மா ஒரு கடையில ஏறி இறங்கிட்டு வந்துடாத. நல்லா உதறிட்டு வா. இந்தத் தடவையும் போச்சுன்னா நான் இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

நான் சந்தையில் வளர்ந்தவன். ஆவிகளை நம்புகிறேனா என்று கேட்டால், யார் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். ஆனால் நியேவெஸின் பயத்தை நம்புகிறேன். அது என் வீட்டில் என்னோடு படுத்துத் தூங்குகிற பயம்.

வெளியே ஒரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரன் காலை நீட்டிப் படுத்திருந்தான்.

"எங்க போகணும் பாஸ்?"

"யாரும் போகாத இடத்துக்கு."

"அப்படின்னா எங்க மாமியார் வீடுதான்."

"விளையாடாத. குழந்தை இருக்கு. அதுக்கும் பிடிக்கணும், அதிகமா நடக்கவும் கூடாது."

"லுனேட்டா பூங்கா?"

"எங்க தங்கச்சி ஞாயித்துக்கெழமை தவறாம அங்கதான் இருப்பா."

"மீன் காட்சிசாலை?"

"அது வாசல்ல பலூன் வித்திருக்கா."

"ஏதாவது மால்?"

"எந்த மால்ல எந்த மாடியில கக்கூஸ் சுத்தமா இருக்கும்னு கூட அவளுக்குத் தெரியும்யா."

"உங்க தங்கச்சி கூட வர்றாங்களா பாஸ்?" என்று கேட்டவன், என் சட்டையில் குத்தியிருந்த கறுப்பு ரிப்பனையும் டினாயின் சிவப்புச் சட்டையையும் பார்த்தான். எழுந்து உட்கார்ந்து இருக்கையைத் துணியால் துடைத்தான். "ஏறுங்க" என்றான். அதன்பிறகு அவன் கேலி பேசவில்லை.

அவன் கொண்டுபோய் விட்டது சான் செபஸ்தியான் தேவாலயம். கியாப்போ கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் மிதிபடுகிற கூட்டத்தில் பெர்லாவும் ஒருத்தி. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் இந்தப் பச்சைக் கோபுரத்துக்கு அவள் போனதாக ஒருநாளும் சொன்னதில்லை. உள்ளே நாலைந்து பேர்தான். ரிக்‌ஷாக்காரன் சைக்கிளைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்தான்.

"பாப்பா, இந்தத் தூணத் தட்டிப் பாரு."

டினாய் விரலை மடக்கித் தட்டினாள். பளிங்கு போலிருந்த தூண் டங்கென்றது. அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"மொத்தக் கோயிலும் இரும்பு. கல்லே கிடையாது" என்றான்.

எனக்கு மரியாதை வந்தது. சரக்கு இரும்பு, பூச்சு பளிங்கு. என் அப்பா பிளாஸ்டிக் பித்தானைச் சிப்பிப் பித்தான் என்று விற்ற காலத்தில்கூட இவ்வளவு சுத்தமான வேலை பார்த்ததில்லை. டினாய் ஒவ்வொரு தூணாகப் போய்த் தட்டினாள். தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டாள். கதவைத் தட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

நல்ல இடமாகப் பிடித்துவிட்டேன் என்று நியேவெஸுக்குப் போன் போட்டேன்.

"கோயிலா?" என்று கத்தினாள். "உனக்கு மூளை இருக்கா ஃபெர்மின்? கோயில்ல அவ நல்லா உக்காந்து, ஜெபம் பண்ணி, களைப்பு தீர்ந்து எழுந்து வருவா! தண்ணி தாண்டு. ஆத்தைத் தாண்டிப் போ."

அதுவும் நியாயம்தான். தண்ணீர் என்றால் பெர்லாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. பாசிக் ஆற்றில் ஓடும் இலவசப் படகில் இந்த ஊர்க்காரர்களே பாதிப் பேர் ஏறியதில்லை, அவள் எங்கே ஏறியிருக்கப்போகிறாள்? அவளால் வர முடியாத வழி வேண்டுமென்றால் அதைவிட மேலான சரக்கு கிடைக்காது. ரிக்‌ஷாக்காரன் எஸ்கோல்டா படகுத்துறையில் இறக்கிவிட்டான்.

படகில் ஆளுக்கொரு ஆரஞ்சு மிதவைச் சட்டை மாட்டிவிட்டார்கள். டினாயின் சட்டை அவளை விழுங்கிவிட்டு மூக்கை மட்டும் மிச்சம் வைத்தது. ஆகாயத்தாமரை தீவுத் தீவாக மிதந்து வந்தது. ஒன்றின்மேல் ஒரு கொக்கு நின்றபடியே பயணம் போய்க்கொண்டிருந்தது.

"டீட்டோ, அந்தக் கொக்கு டிக்கெட் எடுக்கல" என்றாள். மாமனான என்னை டீட்டோ என்றும், அத்தையை டீட்டா என்றும்தான் கூப்பிடுவாள்.

"நாமளும்தான் எடுக்கல."

சிரித்தாள். முன்பற்களில் ஒன்று இல்லை. அம்மா கண்ணை மூடியதற்குப் பிறகு அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். பரவாயில்லை, இந்தப் பிள்ளையை வளர்த்துவிடலாம் என்று ஒரு தைரியம் வந்தது.

எதிர் இருக்கையில் கருவாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் இருந்தாள். எங்களை மேலும் கீழும் பார்த்தாள். நல்ல மனசு, அடங்காத வாய். இரண்டும் சேர்ந்து ஒரே ஆளிடம் இருந்தால் ஆபத்து.

"பக்பக் பண்றீங்களா தம்பி? நல்ல காரியம். புத்திசாலி நீ. தண்ணிய தாண்டினா தொடர முடியாது." டினாயின் பக்கம் குனிந்தாள். "பின்னால திரும்பிப் பாக்காத கண்ணு. நீ பாத்தா வழி தெரிஞ்சுடும்."

"யாருக்கு?"

"செத்துப்போனவங்களுக்கு. அவங்க நம்ம பின்னாலயே வருவாங்க. நாம அங்க இங்க சுத்தினா, குழம்பிப்போய் நின்னுடுவாங்க. அதுக்குத்தான் உங்க மாமா உன்னக் கூட்டிட்டுச் சுத்தறாரு."

நான் இருமினேன். அந்த அம்மாளுக்கு இருமல் புரியவில்லை.

டினாய் மிதவைச் சட்டைக்குள் இறங்கிப்போனாள். பிறகு மெல்ல, வேண்டுமென்றே, முழு உடம்பையும் திருப்பிப் பின்னால் பார்த்தாள். படகு எழுப்பிய அலை இரண்டு கரைக்கும் பிரிந்து போய்க்கொண்டிருந்தது.

லாட்டன் துறையில் இறங்கியதும் என் கையை உதறிவிட்டு ஆற்றைப் பார்த்து நின்றாள். வாய்க்கு இரண்டு பக்கமும் கையை வைத்துக்கொண்டாள்.

"அம்மா! நாங்க இறங்கிட்டோம்! இங்க படி இருக்கு! படகுக்குப் பயப்படாத! ஆரஞ்சுச் சட்டை குடுப்பாங்க!"

துறையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். நான் அவளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். நடந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஓடினேன். காலையிலிருந்து செய்த வேலை முழுதையும் ஒரே கூவலில் கவிழ்த்துவிட்டாள். இனி எங்காவது ஆழமாக நுழைந்தால்தான் உண்டு. சாலையைக் கடந்ததும் அரோசெரோஸ் தென்பட்டது. நகராட்சிக் கட்டடத்துக்குப் பின்னால், ஆற்றை ஒட்டி, ஊருக்கு நடுவில் ஒரு குட்டிக் காடு. பஸ்களில் ஆயிரம் பேர் தினமும் அதை உரசிக்கொண்டு போகிறார்கள். உள்ளே வருகிறவர்கள் மதியத் தூக்கம் போடும் குமாஸ்தாக்களும் ஒளிந்து பேசும் காதலர்களும்தான். நாலா பக்கமும் வளைந்து வளைந்து ஒன்றையொன்று வெட்டிப்போகும் நடைபாதைகள். உயிரோடு இருப்பவனே குழம்புவான்.

தோளில் அவள் விசும்பவில்லை, முரண்டவில்லை. என் முதுகுப்பக்கம் பார்த்தபடி கத்திக்கொண்டே வந்தாள். "அம்மா, இப்ப ரோட்ட தாண்டறோம்! அம்மா, வாசல்! மரம் இருக்கு, நிறைய!"

ஓர் ஆலமரத்தடியில் மூச்சுவாங்க இறக்கிவிட்டேன். பெரிய மரத்தருகே போனால், அங்கே குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாதவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு போவது எங்கள் வழக்கம். அதை அவளுக்கு அம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறாள். மரத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க. நாங்க கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயிடுவோம். எங்க அம்மா பின்னால வர்றாங்க. வந்தா வழி சொல்லுங்க. வெள்ளைச் சட்டை போட்டிருப்பாங்க. கால் வீங்கியிருக்கும்."

பிறகு வேரின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"டினாய், பஸ்ஸுக்கு நேரமாகுது. வா."

"அம்மா வரட்டும்."

"அம்மா வர மாட்டா கண்ணு."

"வருவா. மெதுவாத்தான் வருவா. அவளுக்குக் கால் வீக்கம். உனக்குத் தெரியுமில்ல?" என்று என்னைப் பார்த்தாள். "தெரிஞ்சும் ஏன் டீட்டோ இவ்வளோ வேகமா போற?"

வியாபாரத்தில் பதில் தெரியாதபோது விலையைப் பேச ஆரம்பித்துவிட வேண்டும். பேசினேன். ஊதாக் கிழங்கில் செய்த ஊபே ஐஸ்கிரீம் என்றேன். கோழிக்குஞ்சு என்றேன். லுசேனா வீட்டில் நாய் இருக்கிறது என்றேன். இல்லாத நாயையும் சேர்த்து இரண்டு நாய் என்றேன். சந்தையில் எத்தனையோ பேரை இறக்கியிருக்கிறேன். இவள் சொன்ன விலையிலிருந்து இம்மியும் இறங்கவில்லை. அம்மா வரட்டும். அவ்வளவுதான்.

தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். ஐந்து வயது உடம்புக்கு என்ன எடை இருக்கும்? ஆனால் இன்று இவளை இப்படித் தூக்கிப் போனால், நாளைக்கு என் வீட்டில் சாப்பிடுவாள், தூங்குவாள், பள்ளிக்கூடம் போவாள், என்னிடம் மட்டும் வரமாட்டாள் என்று தெரிந்தது. இவள் அம்மாவும் அப்படித்தான். ஒருவனை மனசிலிருந்து இறக்கிவிட்டால் பிறகு ஏற்றமாட்டாள்.

நியேவெஸுக்குப் போன் போட்டேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். முடிப்பதற்குள் குறுக்கிட்டாள்.

"கூப்பிட்டாளா? வழி சொன்னாளா?"

"இப்பவும் சொல்லிக்கிட்டுதான் இருக்கா. பிள்ளை வரணும்னா தாயும் வரணும்ங்கறா. நான் என்ன பண்ண, நியேவ்? நீயே சொல்லு."

ஒரு மோட்டார் டிரைசைக்கிள் எங்கள் வீட்டு வாசலில் படபடத்துக் கடந்து போகும் சத்தம் கேட்டது.

"போன அவகிட்ட குடு."

கொடுத்தேன். ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு நானும் வேரில் உட்கார்ந்தேன்.

"டினாய், நான் நியேவெஸ் டீட்டா. என் வயித்துல ஒரு பாப்பா இருக்கு. ரொம்பச் சின்னது. யாராவது வந்தா பயந்துடும்."

"எங்க அம்மா பயமுறுத்த மாட்டா. பக்கத்து ரூம் பாப்பா அழுதா அம்மாதான் தூங்க வெப்பா."

"தெரியும். ஆனாலும்… உள்ள வேண்டாம். கேட் வரைக்கும் வரட்டும்."

டினாய் யோசித்தாள். "கேட்டுல உக்கார இடம் இருக்கா? அவளால நிக்க முடியாது."

"ஒரு பெஞ்சு இருக்கு."

"எத்தனை நாள் இருக்கலாம்?"

"எல்லாரும் இருக்கற மாதிரி நாப்பது நாள். அதுக்கு அப்புறம் அவ மேல போயிடணும். சாமி காத்துக்கிட்டு இருப்பாரு."

"சரி. மழை வந்தா?"

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நான் குனிந்து பார்த்தேன். அறுபடவில்லை.

"மழை வந்தா உள்ள வரலாம்" என்றாள் நியேவெஸ். "சமையல்கட்டு வரைக்கும்."

அது ஜூலை மாதம், அடைமழைக் காலம். லுசேனாவில் ஜூலையில் துணி உலர்த்துபவர்கள் வெளியூர்க்காரர்களாகத்தான் இருப்பார்கள். அங்கேயே பிறந்த நியேவெஸுக்கு அது தெரியாதா? தெரிந்துதான் சொன்னாள். நல்ல பேரம் படியும்போது மூன்றாவது ஆள் மூச்சுவிடக் கூடாது.

டினாய் போனை என்னிடம் நீட்டினாள். "எனக்கு வீடு தெரியாது. நீ சொல்லு அம்மாகிட்ட."

சுற்றிலும் பார்த்தேன். ஒரு பெஞ்சில் இரண்டு காதலர்கள், கொஞ்சம் தள்ளி இலை கூட்டுகிற ஒருவன். அடக்கத்தில் எல்லாரும் ஒவ்வொருவராக வந்து பேசியபோது, பெட்டியின் கண்ணாடிக்கு முன்னால் எனக்கு வாய் வரவில்லை. இப்போது எழுந்து நின்றேன். எங்கள் அப்பா தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி கூவுவாரே, அந்தக் குரலை எடுத்தேன்.

"பெர்லா! லுசேனா பஸ்ல ஏறு. கடைசி நிறுத்தம். இறங்கி டிரைசைக்கிள் பிடி, அதிகமா கேப்பான், குடுக்காத. பேக்கரிக்கு எதிர்ச் சந்து. பச்சைக் கேட். பெஞ்சு இருக்கு. உக்காந்துக்க."

கூட்டுகிறவன் துடைப்பத்தை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

அங்கிருந்து பஸ் நிலையத்துக்குப் போகும் ரயில் வரைக்கும் நடந்தோம். கால் வீங்கிய ஒருத்தி நடக்கிற வேகத்தில் நடந்தோம். மின்கம்பத்துக்கு மின்கம்பம் நின்றோம். நாலு மணி பஸ் போய்விட்டிருந்தது. அடுத்ததில் ஏறினோம். கூவுவதை அவள் நிறுத்திவிட்டிருந்தாள். ஜன்னலோரம் என்மேல் சாய்ந்துகொண்டு, வழியில் தெரிந்ததையெல்லாம் முணுமுணுப்பாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். என்னிடம் இல்லை என்பது எனக்குப் புரிந்தது.

பாதி வழியில், இருட்டத் தொடங்கும் நேரத்தில், சாப்பாட்டுக்கு பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லாரும் திமுதிமுவென்று இறங்கினார்கள். நூடுல்ஸ் சூப்பின் வாசனை ஜன்னல் வழியாக ஏறியது. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. அதைவிட அவசரமான வேறொரு வேலையும் எனக்கு இருந்தது. எழுந்தேன்.

"டீட்டோ." என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். "இங்க இறங்கினா அம்மா குழம்பிடுவா."

உட்கார்ந்துவிட்டேன். காலை இடுக்கிக்கொண்டேன்.

கண்டக்டர் கடைசி ஆளாக இறங்கப்போனவன் எங்களைப் பார்த்து நின்றான். சின்ன வயசு. என் ரிப்பனைக் கவனித்துவிட்டான்.

"பாஸ், சாவுக்குப் போயிட்டுத்தானே வர்றீங்க? சும்மாவாவது இறங்கி ஏறுங்க. வீட்டுக்கு நல்லது."

"இல்ல தம்பி. நாங்க எங்கயும் இறங்கல. நேரா வீட்டுக்குத்தான்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். சொல்லிப் பார்த்தோம், அவன் தலையெழுத்து என்பதுபோல் தோளைக் குலுக்கிவிட்டுப் படியிறங்கி, கதவை இழுத்துச் சாத்தப்போனான்.

"அது திறந்தே இருக்கட்டும்" என்றேன்.